பூசணி வீட்டுச் சம்பந்திகள்

முன்னொரு காலத்தில், மழைக்குப் பஞ்சமில்லாத மாந்தையூரில் ஒரு ராஜாவும் ராஜாவுக்கு ஒரு தோட்டமும் இருந்தன. தோட்டமா அது, சந்தை. அவரை வெண்டைமேல் ஏறும், பூசணி நடுவில் புகும், மேலே தேனீ பறக்கும், கீழே மண்புழு நெளியும். யார் எங்கே என்று கேட்டால் தோட்டக்காரன் மாசாணனே தலையைச் சொறிவான். ஆனால் காய்ப்புக்கு மட்டும் குறைவே இல்லை.

அந்த ஊருக்கு அடுக்குமல்லன் என்று ஒரு மந்திரவாதி வந்து சேர்ந்தான். அவனுக்கு எதையும் அடுக்காமல் இருக்க முடியாது. சாப்பிட உட்கார்ந்தால் ரசத்தில் கிடக்கும் கடுகைத் தனியாக, மிளகைத் தனியாகப் பொறுக்கி வைத்துவிட்டு, ஆறிப்போன ரசத்தைக் குடிக்கிற ஆள். தோட்டத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கிறுகிறுத்தது.

“மகாராஜா, இனம் தெரியாம எல்லாம் கலந்து கிடக்குதே. ஒரு நொடியில ஒழுங்கு பண்ணிடறேன்” என்றான். ராஜாவும் தலையாட்டினார். ராஜாக்களுக்கு அது ஒன்றுதானே சுலபமான வேலை.

மந்திரக்கோல் சுழன்றது. பூசணியெல்லாம் ஒரு வட்டம். தேனீயெல்லாம் ஒரு வட்டம். மண்புழுவெல்லாம் ஒரு வட்டம். பொறிவண்டு, அவரை, வெண்டை என்று ஒவ்வொன்றுக்கும் தனி வட்டம். வட்டத்துக்கு வட்டம் தணலாய்ச் சிவந்த ஒரு கோடு. “சொந்தக்காரர் தவிர வேறு யார் இந்தக் கோட்டைத் தாண்டினாலும் சாம்பல்” என்று மந்திரம் போட்டான்.

மாசாணன் குறுக்கே வந்து நின்றான். “ஐயா, இதுங்க ஒண்ணா இருந்து பழகினதுங்க. பிரிச்சா பிழைக்காது.”

“அவ்வளவு பாசமா? நீயும் போய் இரு” என்று அடுக்குமல்லன் கோலைத் திருப்பினான். மாசாணன் பூசணிக்கொடியாகிப் பூசணி வட்டத்துக்குள் படர்ந்துவிட்டான்.

கஞ்சிக் கலயத்தோடு வந்த அவன் மனைவி தாழை அதைக் கண்ணால் பார்த்தாள். தாலிக்கயிற்றில் மஞ்சள் மங்காத புதுப்பெண். கலயம் கைநழுவி உடைந்தது.

“அழாதே பெண்ணே” என்றான் மந்திரவாதி. “அந்தக் கொடி காய்த்தால் உன் புருஷன் வருவான். காய்ந்தால் சருகுதான் வரும்.” சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

தாழை கோட்டுக்கு வெளியிலேயே குடியிருந்தாள். கொடி பூத்தது. பிஞ்சும் விட்டது. ஆனால் ஒவ்வொரு பிஞ்சும் வெம்பி அழுகி விழுந்தது. வட்டத்துக்குள்ளே பூசணிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. “என் தண்ணி”, “என் வெயில்”, “என் பங்கு” என்று ஓயாத சண்டை. எல்லாம் ஒரே வயிற்றுப் பசி, ஒரே சத்து வேண்டும். பங்காளிகள் மட்டுமே இருக்கிற வீடு வேறு எப்படி இருக்கும்? மந்திரவாதி கண்ணுக்குத் தப்பிய அசுவினிப் பூச்சிகள் வேறு இலைக்கடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சின. மாசாணன் கொடி நாளுக்கு நாள் வாடியது.

தாழை மண்புழு வட்டத்துக்கு ஓடினாள். “ஐயா, அந்த மண்ணு இறுகிப்போச்சு. கொஞ்சம் வந்து கிளறிவிடுங்க.”

“வரலாம் தாயி. ஆனா நான் அந்த வீட்டில் பிறக்கலையே” என்றது மண்புழு.

பொறிவண்டு வட்டத்துக்கு ஓடினாள். “அசுவினி உறிஞ்சுது. வந்து பிடிச்சுத் தின்னுங்க.”

“நாக்கு ஊறுது. ஆனா நான் அந்த வீட்டில் பிறக்கலையே” என்றது பொறிவண்டு.

தேனீ வட்டத்துக்கு ஓடினாள். “ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியா நிக்குது. மகரந்தம் கொண்டுபோக ஆளில்லை.”

“பசியில சிறகே எழும்பலை அம்மா. ஆனா நான் அந்த வீட்டில் பிறக்கலையே” என்றது தேனீ.

தாழை இடிந்துபோய் உட்கார்ந்தாள். ஒரு கணம்தான். பிறகு பளிச்சென்று எழுந்து, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: “நான் மட்டும் மாசாணன் வீட்டிலயா பிறந்தேன்? வாழ வந்தவ. அதுக்காக நான் சொந்தக்காரி இல்லையா?”

பயம்தான். ஆனாலும் வலது காலை எடுத்துக் கோட்டுக்கு உள்ளே வைத்தாள். கோடு சுடவில்லை. ஈரத்துணி மாதிரி குளிர்ந்து கிடந்தது.

“பார்த்தீங்களா?” என்றாள் தாழை. “பிறந்தவங்க மட்டுமா சொந்தம்? கொள்வினை கொடுப்பினை இருந்தா சொந்தம். மண்ணு எங்களுக்குத் தாய். மண்ணோட பிறந்த மண்புழு தாய்மாமன். மாமா, சருகை எடுத்துக்கிட்டு எருவாச் சீர் கொண்டு வாங்க. பொறிவண்டு மச்சான், உங்களுக்கு விருந்து, எங்களுக்குக் காவல். தேனீ சம்பந்தி, தேனை எடுத்துக்கோங்க, மகரந்தத்தைக் கொடுத்துட்டுப் போங்க.”

முறை சொல்லி அழைத்தபின் வராமல் இருக்க முடியுமா? மாமன் வந்தார், மண் பொலபொலத்தது. மச்சான் வந்தார், இலை சுத்தமானது. சம்பந்தி வீட்டார் மொத்தமாக வந்திறங்கினார்கள், தோட்டம் முழுக்க ரீங்காரம். ஒருவர் பின் ஒருவராய் எல்லா வட்டத்திலிருந்தும் கிளம்பிவிட்டார்கள். மாசாணன் கொடியில் ஒரு பிஞ்சு விட்டது. விழவில்லை. உருண்டது, திரண்டது, குடத்தளவு காயாகி உட்கார்ந்தது.

அடுக்குமல்லன் ஓடி வந்தான். “இது மோசடி. சொந்தக்காரர்னு நான் சொன்னது தோட்டத்தை உடைமையா வச்சிருக்கிறவரை.”

“அதை மந்திரத்திலேயே சொல்லியிருக்கணும்” என்றாள் தாழை. “உங்க வாய்தான் சொந்தக்காரர்னு சொல்லுச்சு. நாங்க வந்துட்டோம்.”

சொன்ன சொல்லுக்கு மந்திரமும் கட்டுப்பட்டதுதானே. கோடுகள் எல்லாம் அணைந்தன. மாசாணன் தலையில் பூசணிக்காயும் மீசையில் மகரந்தமுமாக எழுந்து நின்றான். தாழை அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், காயைக் கீழே இறக்கி வைக்கச் சொன்னாள்.

அன்றைக்கு ராஜா செலவில் தோட்டத்திலேயே விருந்து. எல்லாரும் பந்தியில் உட்கார, அடுக்குமல்லன் மட்டும் வெளியே நின்றான். வெகுநேரம் கழித்துத் தாழையிடம் வந்து, “நான்... நான் யாருக்கு என்ன முறை?” என்று கேட்டான். அவனை அந்தக் கேள்வி அதுவரை தொட்டதே இல்லை.

தாழைக்குக் கோபம் ஆறவில்லை. “கொடுத்து வாங்கினாத்தானே முறை. நீங்க இதுவரை எதையும் கொடுக்கலையே. போய்த் தண்ணி இறைங்க” என்றாள்.

இறைத்தான். கை காய்த்துப்போகும் வரை இறைத்தான். வாடிய அவரை நிமிர்ந்தது, வெண்டை நிமிர்ந்தது. ஒரு மாலையில் தாழை கடைசி இலையைப் போட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

“சித்தப்பா, சோறு ஆறுது. வந்து உட்காருங்க.”

அடுக்குமல்லன் உட்கார்ந்தான். அழுதுகொண்டே சாப்பிட்டான். ரசத்தில் கடுகும் மிளகும் கலந்து கிடந்ததை அவன் பார்க்கவே இல்லை.