ஏழாவது கால்

“போர்டு பொய் சொல்லுது டீச்சர்,” என்றார் தணிகாசலம்.

மெஹர்நிஷா நிமிரவில்லை. “போர்டுக்கு வாய் கிடையாதே சார்.”

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கில் இருபது வருஷம் சாக்பீஸால் மின்சாரம் நடத்தியவர். அவளுக்கு இருபத்தெட்டு. ஓசூரில் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையின் டெஸ்ட் பெஞ்ச் அவள் பொறுப்பு. வேலை பழக அவரை அவளிடம்தான் விட்டிருந்தார்கள். முதல் நாளே டீச்சர் என்று கூப்பிட்டார். அதில் அவருக்கு வெட்கமில்லை. மற்றவர்களுக்குத்தான் சிரிப்பு.

“பன்னெண்டு போர்டும் செத்துக் கிடக்கு. ஆனா ஐசி சிப்போட ஒவ்வொரு கால்லயும் மீட்டர் ப்ரோபை வச்சுப் பார்த்துட்டேன். வரவேண்டிய வோல்ட்டேஜ் டாண்ணு வந்து நிக்குது. அப்ப சால்டர் நல்லா பிடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்? ஐசிதான் கோளாறு.”

“அப்படியே ரிப்போர்ட் எழுதிடுங்க.”

“எழுதினா பிலோமினாவுக்கு வேலை போயிடும்.”

பிலோமினா அசெம்ப்ளியில் ஐசி பொருத்துகிறவள். போன திங்கட்கிழமை, ஐசியின் கால்களைப் போர்டில் ஒட்டவைக்கும் சால்டர் பேஸ்ட் காய்ந்துவிட்டது, கால் பிடிக்காது என்று சொல்லி, யாரையும் கேட்காமல் லைனையே நிறுத்திவிட்டாள். அதற்குமுன் அந்தப் பேஸ்ட்டில் இறங்கியவைதான் இந்தப் பன்னிரண்டு போர்டும். மேனேஜர் குருபரன் அதை மறக்கத் தயாராக இல்லை. சால்டரில் குறையில்லை என்று நாலு மணிக்குள் ஒரு தாள் வந்தால் போதும். நாளையிலிருந்து அவள் வரவேண்டாம்.

தணிகாசலத்துக்கு அவள்மேல் இரக்கம் இருந்தது. மீட்டர்மேல் நம்பிக்கை இருந்தது. இரக்கப்பட்டு எண்ணை மாற்றி எழுதுகிற ஆள் அவரில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

“வச்சுக் காட்டுங்க,” என்றாள் மெஹர்நிஷா.

ப்ரோபின் கூர்முனையை ஏழாவது காலின்மேல் நிறுத்தி, ஆணி இறக்குகிறவர்போல ஊன்றினார்.

மூன்று புள்ளி மூன்று.

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன். ஏன் இந்த அழுத்து அழுத்தறீங்க?”

“வழுக்கினா பக்கத்துக் காலையும் தொட்டுரும். போன மாசம் அப்படித்தானே ஒண்ணைப் புகையவிட்டேன். அன்னிக்கிலிருந்து ஊன்றித்தான் வைக்கறது.”

“நல்ல ஜாக்கிரதை.”

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அவள் ஒரு வயரின் தோலை உரித்தாள். உள்ளே இருந்த செம்பு இழைகளில் தலைமுடிபோல ஒன்றைப் பிரித்து, ப்ரோபின் முனையில் சுற்றி, நுனியை அரை அங்குலம் நீட்டிவிட்டாள்.

“இப்ப அழுத்துங்க.”

அழுத்தினார். இழை மடங்கியது.

“அழுத்த முடியலையே டீச்சர்.”

“அப்ப தொடுங்க.”

மணிக்கட்டை மேசையில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, தொட்டார்.

முதல் கால். வரவேண்டியது வந்தது.

இரண்டாவது, மூன்றாவது, ஆறு வரைக்கும் வந்தது.

ஏழாவது. பூஜ்யம்.

மறுபடி தொட்டார். பூஜ்யம். இழையைத் தள்ளிவிட்டுக் கூர்முனையை ஊன்றினார். மூன்று புள்ளி மூன்று. இழையால் தொட்டார். பூஜ்யம்.

பெஞ்சின் மறுகோடியில் யாரோ சிரித்தார்கள். அவர் காதில் விழவில்லை.

“கால் தூக்கிக்கிட்டு நிக்குது,” என்றார். “நான் அழுத்தறப்ப மட்டும் கீழே போய் ஒட்டுது.”

அவள் அடுத்த போர்டை நகர்த்தினாள். அதில் பதினொன்றாவது கால். அதற்கடுத்ததில் இரண்டு கால்கள். பன்னிரண்டு போர்டையும் பார்த்து முடித்தபோது மணி மூன்றரை.

“அப்ப பிலோமினா சொன்னது சரி. ஆனா…” தணிகாசலம் நெற்றியைத் தேய்த்தார். “அவளே இல்லைன்னுட்டாளே.”

“யார்கிட்ட?”

“என்கிட்டதான். நேத்து நானே விசாரிச்சேன். பேஸ்ட் காய்ஞ்சிருந்துச்சான்னு கேட்டேன். இல்ல சார், நல்லாத்தான் இருந்துச்சு, நான்தான் தப்பா நினைச்சுட்டேன்னு சொன்னா. எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துட்டா.”

“எங்க வச்சுக் கேட்டீங்க?”

“மேனேஜர் ரூம்ல.”

“அவர் இருந்தாரா?”

“பக்கத்துலயே நின்னுட்டிருந்தார்.”

மெஹர்நிஷா மடங்கிப்போன செம்பு இழையை இரண்டு விரலால் நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அசெம்ப்ளியை நோக்கி நடந்தார். பாதி வழியில் குருபரன் வந்து சேர்ந்துகொண்டார்.

“ரிப்போர்ட் ரெடியா சார்?”

“பிலோமினாகிட்ட ஒரு கேள்வி பாக்கி இருக்கு.”

“அவ்வளவுதானே. என் ரூமுக்குக் கூப்பிடறேன், வாங்க.”

“இல்ல சார். நான் அவ இடத்துக்கே போறேன்,” என்றார் தணிகாசலம். “நீங்க இங்கேயே இருங்க.”