மூன்றாவது திருகு

நயினார் குன்று ஏறி வந்ததே சண்டை போடத்தான். சண்டைக்கு உரிய ஆள் செத்துப்போயிருந்தான். அதுதான் சிக்கல்.

தம்பி சங்கரலிங்கம் ஐப்பசியில் இறந்தான். நயினார் போகவில்லை. போகாததற்குக் காரணம் இருந்தது. அப்பாவின் சிதை முன்னால், ஊர் கூடி நிற்கையில், தம்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்.

"அப்பாவைப் பட்டினி போட்டுக் கொன்னவன் கையால கொள்ளி வைக்கக் கூடாது."

கஞ்சியைத் தவிர வேறெதுவும் கொடுக்காதீர்கள் என்று வைத்தியர் சொன்னது ஊருக்கே தெரியும். தம்பிக்குத்தான் தெரியாது. அவன் அன்று காலையில்தான் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான்.

நயினார் கொள்ளியை வைத்தார். வீட்டுக்கு வந்து, இருவருக்கும் பொதுவான கிணற்றில் இனி வாளி போடுவதில்லை என்று தனக்கென்று ஒரு கிணறு வெட்டினார். அதில் உப்புத் தண்ணீர் ஊறியது. அதையே குடித்தார். காப்பியும் அதில்தான். என்றைக்காவது தம்பி வாசலில் வந்து நின்று அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வான், அன்றைக்கு நல்ல தண்ணீர் குடிக்கலாம் என்று இருந்தார். முடி நரைத்தது. பல் விழுந்தது. தம்பி எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டான்.

கடலைப் பார்த்திருந்த அந்தக் குன்றின் மேல் ஒரு சாமி இருந்தார். சாமிக்கு நாற்பது வயதுகூட இராது. கப்பலில் தந்தி வேலை பார்த்த ஒருவர் கடைசிக் காலத்தில் அங்கே வந்து தங்கி, ஒரு பழைய வால்வு ரேடியோவை விட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். அந்தப் பெட்டியில் செத்தவர்கள் பேசுகிறார்கள் என்று அடிவாரத்தில் ஒரு பேச்சு.

நயினார் மூச்சு வாங்கியபடி சாமி முன்னால் உட்கார்ந்தார்.

"உள்ளதுதானா சாமி?"

"எது?"

"செத்தவங்க பேசுறது."

"உயிரோட இருக்கிறவங்க பேசுறதே எனக்குப் பாதி விளங்குறதில்ல, பெரியவரே. உங்களுக்கு யார் பேசணும்?"

"என் தம்பி."

"என்ன பேசணும்?"

"புதுசா ஒண்ணும் வேண்டாம். பேசினதைத் திரும்ப வாங்கிக்கிட்டாப் போதும்."

சாமி சிரிக்கவில்லை. "பெட்டி பரண் மேல இருக்கு. இறக்குங்க" என்றார்.

அதை இறக்குவதற்குள் நயினாருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. துடைக்கத் துடைக்கத் தூசி வந்தது. இரண்டு பனைகளுக்கு நடுவே செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினார். கம்பி மரத்தில் படாமல் இருக்க இரண்டு முனையிலும் பீங்கான் குமிழ் வைக்கச் சொன்னார் சாமி. மரத்தில் பட்டால் வருகிற சத்தம் மரத்துக்குள் இறங்கிவிடுமாம். இன்னொரு கம்பியை, குளிக்கிற கல்லின் பக்கத்தில், எப்போதும் ஈரமாக இருக்கிற மண்ணில் புதைக்கச் சொன்னார். நயினார் முணுமுணுத்துக்கொண்டே எல்லாம் செய்தார். தம்பி உயிரோடு இருந்தபோது அவனுக்காக இவ்வளவு வேலை செய்ததில்லை.

பெட்டியின் முகத்தில் மூன்று திருகுகள் இருந்தன.

"முதல் திருகு இடத்தைத் தேடுறதுக்கு. இரண்டாவது, தேடின இடத்தை விட்டு நழுவாம நிற்கிறதுக்கு" என்றார் சாமி.

"மூணாவது?"

"அது உசுப்புறதுக்கு. பெட்டி கேட்டதுல கொஞ்சத்தை எடுத்துப் பெட்டிக்கே திரும்ப ஊட்டும். மெலிஞ்ச குரல் தடிக்கும்."

"அப்ப நல்லாத் திருப்பிவிட வேண்டியதுதானே?"

"கடைசி வரைக்கும் திருப்பக் கூடாது."

"திருப்பினா?"

"கேட்காது."

கேட்காமல் எப்படிப் போகும் என்று நயினார் மனசுக்குள் நினைத்துக்கொண்டார். தனக்கு உரிய திருகு அந்த மூன்றாவதுதான் என்று அப்போதே தீர்மானித்துவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் சுவிட்சைப் போட்டார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. கருகிய தூசியின் வாசனை வந்தது. வெயில் இறங்க இறங்கத் தூரத்துச் சத்தங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. புரியாத மொழியில் ஒருவன் அவசரமாக ஏதோ வாசித்தான். எங்கோ தந்தி தட்டிக்கொண்டிருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டு, அலையில் ஏறி இறங்கும் தோணி மாதிரி, பெருத்தும் சிறுத்தும் வந்தது. பாட்டுக்குச் சற்று மேலே ஒன்றுமே இல்லாத ஓர் இடம் இருந்தது. வெறும் இரைச்சல்.

நயினார் அங்கே நின்றார். மூன்றாவது திருகைக் கடைசி வரை திருப்பினார்.

முதலில் ஒரு முனகல். பிறகு ஊளை. ஊளை மெல்லப் பிளந்து, அதற்குள்ளிருந்து வார்த்தை வந்தது.

"பட்டினி போட்டுக் கொன்னவன்."

அதே குரல். தம்பிக்கு எப்போதும் வார்த்தைக்குப் பிறகு வருகிற அதே இருமல். நயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வந்துட்டியா, வா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் குன்றை விட்டு இறங்கவில்லை. பொழுது சாய்ந்தால் பெட்டி முன்னால். பாட்டு வந்தால் தாண்டினார். பேச்சு வந்தால் தாண்டினார். அந்த ஓர் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, "வாங்கிக்கோ. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கோ" என்று கத்தினார். குரல் அதையேதான் சொன்னது. பெட்டியை நோக்கிக் கை நீட்டினால் குரல் உயர்ந்தது. கையை இழுத்துக்கொண்டால் தாழ்ந்தது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் வீறிட்டது. தம்பி தன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான் என்பதற்கு நயினாருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. சாமி வேர்க்கடலையை ஒரு தட்டில் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"என்ன சொல்றார்?"

"அதையேதான். கல்லுளிமங்கன். சாமிக்குக் கேட்கலையா?"

"ஊளைச் சத்தம் கேட்குது."

"அவன் குரலே அப்படித்தான்."

சாமி ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாளும் பொழுது சாய்ந்தது. நயினார் கத்திக்கொண்டிருக்கும்போது அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் செல்லக்கனி மேலே வந்தாள். இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பது மாதிரி ஒரு டிரான்சிஸ்டரை இடுக்கியிருந்தாள்.

"சாமி, இதுக்கு ஒரு வழி சொல்லணும். அஞ்சாறு நாளா, இருட்டப் போகுதுன்னா பாட்டுக்குள்ள ஒருத்தன் வந்து உட்கார்ந்துக்கிடுதான். டீ குடிக்க வந்தவன் கிளாஸை அப்படியே வச்சிட்டு ஓடுதான். காசும் கொடுக்காம."

"உட்கார்ந்து என்ன செய்றான்?"

"என்னத்தச் சொல்ல. அழுகைன்னா அழுகை இல்ல. ஏச்சுன்னா ஏச்சும் இல்ல. கழுத்தைப் பிடிச்ச பிடி விடாம இருந்தா ஒரு மனுசன் கிடந்து ஊளையிடுவாம் பாருங்க, அது மாதிரி. எங்க வீட்டுக்காரர் நெத்தி நிறையத் திருநீறு பூசிக்கிட்டுத்தான் அடுப்புக்கிட்டயே போறார்."

அவள் டிரான்சிஸ்டரைத் திருகினாள். பாட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அந்த ஊளை வந்தது. நயினாரின் பெட்டியிலும் அதேதான். இரண்டு பெட்டியும் ஒரே தொண்டையால் கத்தின.

நயினார் துள்ளி எழுந்தார். பல நாளுக்குப் பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா சாமி! எனக்குப் பித்துன்னுதானே நினைச்சீங்க? இந்தம்மா பெட்டியிலயும் வந்து நிக்கான். வானம் முழுக்க நிக்கான். நல்லது. ஊரைக் கூட்டி வச்சுச் சொன்னவன், ஊர் கேட்கவே திரும்ப வாங்கட்டும்."

சாமி பெட்டிக்குப் பின்னால் போனார். பனையிலிருந்து வந்த கம்பியைப் பிடித்து இழுத்தார். அது கழன்று கையோடு வந்தது.

கத்தரித்த மாதிரி டிரான்சிஸ்டரில் ஊளை நின்றது. யாரோ ஒரு பெண் பாடுவது தெளிவாகக் கேட்டது.

"நின்னுட்டு!" என்றாள் செல்லக்கனி. "சாமி, நின்னுட்டு!" பிறகு நயினாரின் பெட்டியைப் பார்த்தாள். சிரிப்பு போயிற்று. "அண்ணாச்சி பெட்டியில நிக்கலையே…"

நிற்கவில்லை. கம்பி இல்லாத பெட்டியில் குரல் கொஞ்சமும் குறையாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. செல்லக்கனி வாசற்படி வரை பின்வாங்கினாள்.

நயினார் சாமியின் கையைப் பார்த்தார்.

"கம்பிதான் சாமி கையில இருக்கே. பின்னே அவன் எந்த வழியா வாரான்?"

சாமி கம்பியின் நுனியைப் பெட்டியில் தொட்டார். டிரான்சிஸ்டர் ஊளையிட்டது. எடுத்தார். பாட்டு வந்தது. மறுபடி தொட்டார். ஊளை. எடுத்தார்.

"வரல, பெரியவரே. இங்கேயிருந்து போகுது."

நயினார் வெகுநேரம் அந்த மூன்றாவது திருகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைப் பிடித்துப் பின்னால் திருப்பினார். வார்த்தை கரைந்து ஊளையாயிற்று. ஊளை முனகலாயிற்று. முனகலும் போயிற்று. வெறும் பெட்டி.

கடல் அடிப்பது கேட்டது. இவ்வளவு நாளும் அது அங்கேதான் அடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"அப்போ, அவன் பேசவே இல்லையா?"

"பேசினாரோ என்னவோ. அந்த இடத்துல இன்னொரு குரலுக்கு இடம் இல்ல."

நயினார் கீழே உட்கார்ந்தார்.

"சாமி. அவன் அந்தப் பக்கம் காதைக் குடுத்துக்கிட்டு இருந்திருந்தா? உயிரோட இருந்தப்பவும்தான். இத்தனை வருஷமா என் பக்கத்துல இருந்து அவனுக்கு என்ன கேட்டிருக்கும்?"

சாமி கம்பியைச் சுருட்டித் தரையில் வைத்தார்.

"அந்த அம்மாவைக் கேளுங்க. அவங்கதான் அந்தப் பக்கத்துல இருந்து கேட்டவங்க."

செல்லக்கனி வாசற்படியில் நின்றாள். கேட்டால் சொல்லிவிடுவாள். நயினார் அவள் பக்கம் திரும்பினார். கேட்கவில்லை.