தரையா, பாதமா?

தக்கலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய ஹாலில், மாலை நேரங்களில் வாள்வீச்சுக் கழகம் ஒன்று நடந்துவந்தது. அதை நடத்தியவள் ஹெப்சிபா. அவளோடு சேர்ந்து பயிற்சி கொடுத்தவன் கிளாட்சன். அவனுடைய தங்கை ரெஜினியும் அங்கேதான் பழகினாள். அதுவே பின்னால் வந்த மனத்தாங்கலுக்கெல்லாம் வித்து.

அங்கே ஆடியது எப்பே என்னும் வகை. அதில் தலை முதல் கால்விரல் வரை எங்கே குத்தினாலும் புள்ளி உண்டு. வாளின் முனையில் ஒரு பொத்தான் இருக்கும். அது நன்றாக அழுந்தினால் விளக்கு எரியும், உரசிக்கொண்டு போனால் எரியாது. பெரிய போட்டிகளில் களத்தின் மேல் உலோக விரிப்புப் போட்டிருப்பார்கள், முனை அதில் குத்தினால் விளக்கு பேசாமல் இருக்கும். தக்கலையில் இருந்ததோ வெறும் சிமென்ட் தரை. தரையைக் குத்தினாலும் விளக்கு எரிந்துவிடும். குத்தியது ஆளையா, தரையையா என்று நடுவர்தான் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஹெப்சிபாவுக்குச் சந்தேகம் தட்டியது இதில்தான். கொஞ்ச நாட்களாக ரெஜினி எடுத்த புள்ளிகள் பலவும் எதிராளியின் பாதத்தில் எடுத்தவை. காலைத் தேடிக் குனிகிறவள் தலையைக் கொடுத்துவிடுவாள் என்று சொல்லி, அந்தக் குத்தையே வேண்டாமென்று ஹெப்சிபா விலக்கி வைத்திருந்தாள். ஒருநாள் அவள் முன்னதாகவே வந்தபோது, ரெஜினி அண்ணனின் ஷூவைப் பார்த்துக் குனிந்து குனிந்து குத்திக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் ஆடியதும் கிளாட்சன் கையைக் காட்டி நிறுத்திவிட்டான்.

"என்ன பழகுனீங்க?" என்று கேட்டாள் ஹெப்சிபா.

"சும்மாதான் அக்கா. உடம்பு சூடாகட்டும்னு" என்றான் கிளாட்சன்.

வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தபோதும் அந்தச் 'சும்மா' அவளை விடவில்லை. தரையைக் குத்தி விளக்கை எரிய வைக்கும் வித்தையைத் தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கிறானோ?

மாநிலப் போட்டிக்குக் கழகத்திலிருந்து ஒரு பெண்ணைத்தான் அனுப்பலாம். ரெஜினியும், அங்கேயே பழகிய தாணுலெட்சுமியும் மோதிப் பார்த்து முடிவு செய்வது என்று ஏற்பாடு. மோதும் நாள் காலையில் தாணுவின் அம்மா ஹெப்சிபாவுக்குப் போன் செய்தாள்.

"மிஸ், மூத்தவளுக்க கல்யாணமும் அந்த மாநிலப் போட்டி நாளுலதான் வருது. போகாதேன்னு நான் இவகிட்ட சொல்லல்ல. இவ மனசுல என்ன இருக்குன்னும் தெரியல்ல."

ஆக, ஒருத்தி எப்படியாவது ஜெயிக்கப் பார்ப்பாள், இன்னொருத்தி வேண்டுமென்றே தோற்கவும் கூடும். இந்த நினைப்போடுதான் ஹெப்சிபா நடுவராக நின்றாள்.

ஆட்டம் கடுமையாகப் போய் இருவரும் சமமாக நின்றார்கள். இனி யார் குத்துகிறாளோ அவளுக்கே இடம். அந்த நேரத்தில், சுவரோரம் நின்ற கிளாட்சன் இரண்டு விரல்களைக் கீழ்நோக்கி மடக்கியது ஹெப்சிபாவின் ஓரக்கண்ணில் பட்டது. அவள் முகத்தைத் திருப்பி அவனையே உற்றுப் பார்த்தாள். திரும்பவும் களத்தைப் பார்த்தபோது ரெஜினியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரெஜினி குனிந்த நிலையில் இருந்தாள். அவள் வாள்முனை தாணுவின் வலது ஷூவுக்குப் பக்கத்தில், தரையில் இருந்தது.

குத்து வாங்கியவள் தானே கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது கழகத்தில் முதல் நாளே கற்பிக்கும் மரியாதை. தாணு கையைத் தூக்கினாள். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்:

"எனக்க காலுல பட்டுது மிஸ். புள்ளி அவளுக்குதான்."

ரெஜினி தலையை ஆட்டினாள். "இல்ல மிஸ். தரையிலதான் குத்திச்சு. எனக்க கையில தெரிஞ்சுது. எனக்கு இந்தப் புள்ளி வேண்டாம்."

ஜெயிக்க வேண்டியவர்கள் இருவரும் வெற்றியை அடுத்தவள் பக்கம் தள்ளினார்கள். ஹெப்சிபாவுக்கு இரண்டுமே நடிப்பாகத் தோன்றியது. கல்யாணத்துக்காக ஒருத்தி விட்டுக்கொடுக்கிறாள். ஹெப்சிபா அண்ணனை முறைத்ததைக் கண்டு பயந்து இன்னொருத்தி நல்லவளாகிறாள்.

"உள்ளதச் சொல்லுங்க மக்ளே. ரெண்டு பேருல ஒருத்தி கள்ளம் சொல்லுதா."

"நான் கள்ளம் சொல்லல்ல மிஸ்" என்றாள் தாணு. அவள் கண் கலங்கிவிட்டது.

கிளாட்சன் முன்னால் வந்தான். "விளக்கு எரிஞ்சிருக்கு. குத்து வாங்குனவளே ஒத்துக்கிட்டா. இனி என்னக்கா யோசனை? நீங்க பாத்தீங்கல்லா?"

ஹால் முழுவதும் ஹெப்சிபாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

கதையை இங்கே நிறுத்துகிறேன். கள்ளம் சொன்னவள் யார்? அந்தப் புள்ளி யாருக்குச் சேர வேண்டும்? தப்பு யாருடையது?

விடை: இரண்டு பெண்களும் உண்மையைத்தான் சொன்னார்கள். முனை தாணுவின் ஷூவை உரசிக்கொண்டு போய்த் தரையில் அழுந்தியது. ஒருத்தி காலில் உணர்ந்ததைச் சொன்னாள், மற்றவள் கையில் உணர்ந்ததைச் சொன்னாள். விளக்கை எரியவைத்தது தரை. ஆகவே புள்ளி யாருக்கும் இல்லை. கிளாட்சன் தங்கைக்குப் பழக்கியதும், விரலால் காட்டியதும் பாதத்தைத்தான். ஹெப்சிபா விலக்கிய குத்து என்பதால் மறைத்தான், அவ்வளவே. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காதவள் ஒருத்திதான், ஹெப்சிபா. அதை அவள் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "நான் பாக்கல்ல. கிளாட்சன் ஏதோ கள்ளம் பண்ணுதான்னு நினைச்சு அவனப் பாத்துக்கிட்டு நின்னேன்." மீண்டும் மோதினார்கள். தாணு மணிக்கட்டில் குத்தி ஜெயித்தாள். அக்காவின் கல்யாணத்தன்று அவள் களத்தில் இருந்தாள். கிளாட்சன் மறுநாளும் பயிற்சி கொடுக்க வந்தான். ஆனால் அன்றிலிருந்து ஹெப்சிபாவை அவன் அக்கா என்று கூப்பிடுவதில்லை, மேடம் என்றுதான் கூப்பிடுகிறான்.