ஸ்டம்பை மறந்த வெளிமான்

ஒரு காட்டில், மரங்கள் விலகிப் புல்வெளி தொடங்கும் இடத்தில், விலங்குகளுக்கென்று ஒரு கிரிக்கெட் மைதானம் இருந்தது. மூங்கில் குச்சிகள்தான் ஸ்டம்ப். பனைமட்டைதான் பேட். நன்றாகக் காய்ந்த விளாங்காய்தான் பந்து.

கோடை வந்தால் அந்தக் காட்டில் ஒரே ஒரு சுனையில்தான் தண்ணீர் நிற்கும். எந்த அணி கோப்பையை வெல்கிறதோ, அந்தப் பக்கத்து விலங்குகள் கோடை முழுவதும் முதலில் இறங்கிக் குடிக்கலாம். தோற்றவர்களுக்குக் கலங்கிய தண்ணீர்தான். அதனால் அங்கே கிரிக்கெட் வெறும் விளையாட்டு அல்ல.

அந்த ஆண்டு புல்வெளி அணியில் மின்னான் என்ற இளம் வெளிமான் சேர்ந்தது. பந்து வீசுவதுதான் அதன் வேலை. அதற்குக் கூலி, நாளுக்கு ஒரு கட்டுப் பசும்புல்.

முதல் ஆட்டத்தில் மின்னான் வெகு தொலைவிலிருந்து ஓடி வந்தது. கோட்டை நெருங்கியதும் பின்னங்கால்களில் எழும்பி, முன்னங்குளம்பால் பந்தை விட்டது. பந்து போனதை ஒருவரும் பார்க்கவில்லை. 'சடார்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. நடு ஸ்டம்ப் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

பேட்டைப் பிடித்தபடி நின்ற மயில், "என்ன, வீசியாகிவிட்டதா?" என்று கேட்டது.

ஓரத்தில் நின்ற யானை, வாயில் வைத்த மூங்கில் குருத்தை மென்று விழுங்க மறந்தது. மின்னானுக்கே உடல் சிலிர்த்தது. 'இந்த வேகம் என்னுடையதா!' என்று தன் குளம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டது.

அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களிலும் ஸ்டம்புகள் பறந்தன. நான்காம் ஆட்டத்தில்தான் அது நடந்தது. மின்னான் வீசிய பந்து ஒரு கல்லில் பட்டு எகிறி, காட்டுப்பன்றியின் முகத்தில் மோதியது. பன்றியின் கோரைப்பல் ஒன்று முறிந்து விழுந்தது. பன்றி அப்படியே சாய்ந்தது.

மின்னான் பதறி ஓடியது. "வேண்டுமென்று செய்யவில்லை! மன்னித்துவிடுங்கள்!" என்றது.

ஆனால் அதற்குள் கூட்டம் ஆரவாரம் செய்யத் தொடங்கியிருந்தது. அடுத்து வந்த குரங்கு, மின்னான் ஓடிவரக் கண்டதுமே பேட்டைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டது.

இதையெல்லாம் புல்வெளி அணியின் தலைவரான நரி கவனித்தது. அன்று மாலை மின்னானைத் தனியே அழைத்தது.

"தம்பி, இனிமேல் ஸ்டம்பைப் பார்க்காதே. தலையைப் பார்."

"தலையையா? அடிபட்டுவிடுமே, தலைவரே!"

"எல்லோர் தலையிலும் அடிக்க வேண்டியதில்லை. அடிபடும் என்று அவர்கள் நினைத்தால் போதும். ஸ்டம்பைக் குறிபார்த்துப் போட எவ்வளவு பாடுபட வேண்டும்! பயமுறுத்த அவ்வளவு பாடு தேவையா? உன் பெயரைச் சொன்னாலே காடு நடுங்கும். வேறென்ன வேண்டும் உனக்கு?"

காடு நடுங்கும் என்ற சொல் மின்னானுக்கு இனித்தது. அது தலையாட்டியது.

நரி சொன்னபடியே நடந்தது. மின்னான் ஓடிவரத் தொடங்கினாலே முயல் ஒதுங்கிற்று. கரடி கண்ணை மூடிக்கொண்டு பேட்டைச் சுழற்றிக் கேட்ச் கொடுத்தது. ஒரு மாதம் முழுவதும் மின்னான் ஒரு பந்தைக்கூட ஸ்டம்புக்குப் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை.

கோப்பைக்கான கடைசி ஆட்டம் வந்தது. எதிரே பாறைமேட்டு அணி. அவர்களிடம் ஒரே ஒரு விக்கெட்தான் பாக்கி. இருப்பது ஒரே ஓவர். வெற்றிக்கு நான்கு ரன் வேண்டும். பந்து மின்னானிடம் இருந்தது.

கடைசி ஆட்டக்காரராக உடும்பு வந்தது. மெதுவாக ஊர்ந்து வந்து, பின்னங்கால்களில் எழுந்து, வாலை ஊன்றி நின்றது. அதன் கையில் பேட் பெரிதாகத் தெரிந்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "இதற்கு ஒரே பந்து போதும்," என்றது நரி.

முதல் பந்து தலைக்கு வந்தது. உடும்பு குனிந்தது. பந்து அதன் உச்சியை உரசிக்கொண்டு பறந்து, ஸ்டம்புக்குப் பின்னால் காவலுக்கு நின்ற காட்டுப்பூனையின் கையில் அறைந்தது. உடும்பு மறுபடியும் நிமிர்ந்து அதே இடத்தில் நின்றது.

இரண்டாம் பந்து அதன் தோளில் விழுந்தது. உடும்பு உருண்டு போய்ப் புழுதியில் கிடந்தது.

சற்று நேரத்தில் உடும்பு எழுந்தது. ஒரு கை தொங்கியது. மறுகையால் பேட்டை எடுத்து, கோட்டில் ஊன்றி, "போடலாம்," என்றது.

மின்னான் பந்து போடவில்லை. அருகே போய், "வலிக்கிறதா, அண்ணே?" என்று கேட்டது.

"வலிக்கிறது."

"அப்புறம் ஏன் நிற்கிறீர்கள்? விலகிக்கொள்ளலாமே!"

உடும்பு வியப்பாகப் பார்த்தது. "ஸ்டம்ப் இங்கேதானே தம்பி இருக்கிறது? நான் எங்கே போய் நிற்பேன்?"

நரி ஓடி வந்தது. "என்ன பேச்சு? இன்னொன்று போடு. இந்த முறை விழுந்தால் எழாது!"

"எழும், தலைவரே," என்றது மின்னான். "அதன் கண்ணைப் பாருங்கள். அதில் பயமே இல்லை."

மின்னான் முடிவு செய்தது. இனி ஸ்டம்புக்குத்தான் போட வேண்டும். நெடுந்தூரம் பின்னால் போய், காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்து வீசியது. பந்து ஸ்டம்பை விட்டு ஒரு முழம் தள்ளிப் போயிற்று.

மின்னான் திகைத்தது. கண் ஸ்டம்பைப் பார்த்தது. குளம்பு கேட்கவில்லை.

நான்காம் பந்து. இருந்த வேகத்தையெல்லாம் திரட்டி வீசியது. பந்து நேராக உடும்பின் பேட்டுக்கே போய்ச் சேர்ந்தது. உடும்பு ஓங்கி அடிக்கவில்லை. ஒற்றைக் கையால் பேட்டைக் காட்டியது, அவ்வளவுதான். வந்த வேகத்திலேயே பந்து திரும்பிப் பறந்து எல்லைப் புதரைத் தாண்டி விழுந்தது. நான்கு ரன்!

பாறைமேடு அதிர்ந்தது. நரி மண்ணைக் காலால் உதைத்தது. "உனக்கு என்ன ஆயிற்று? ஒரு ஸ்டம்பை அடிக்க முடியாதா உன்னால்?"

"ஒரு மாதமாக நான் ஸ்டம்புக்குப் போடவே இல்லையே, தலைவரே," என்றது மின்னான்.

பிறகு அது கூட்டத்தை விலக்கிக்கொண்டு உடும்பிடம் போயிற்று. கொம்பு தரையில் படும்படி தலையைத் தாழ்த்தியது.

உடும்பு அதன் நெற்றியைத் தொட்டுச் சொன்னது: "நேராக ஸ்டம்புக்கு வந்திருந்தால், உன் வேகத்துக்கு நான் எங்கே ஈடுகொடுப்பேன், தம்பி? முதல் பந்திலேயே போயிருப்பேன்."

மின்னான் வீங்கித் தொங்கிய அந்தச் சிறிய கையையே பார்த்துக்கொண்டு, பிரமித்து நின்றது.

மறுநாள் காலை, பாறைமேட்டு விலங்குகள் குடித்து முடிக்கும் வரை அது சுனைக்கு மேலே வரிசையில் காத்திருந்தது. தன் முறை வந்ததும் கலங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒருவரும் இல்லாத மைதானத்துக்குப் போய், மூன்று குச்சிகளை நட்டது.

நீதி: பிறர் பயத்தை நம்பித் திறமையைக் கைவிட்டவர், பயப்படாத ஒருவர் எதிரே வந்தால் வெறுங்கையோடு நிற்பார்.