மாவுக்குள் கட்டிய வீடு

அந்தக் காலத்தில் வாயில்லாத பொருள் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. உலக்கை பேசும், உப்பு பேசும், அடுப்பில் ஏற்றிய பானைகூட "மூடியைத் திறக்காதே" என்று அதட்டும். சமைக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான். கோதுமை மாவு மட்டும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாது. தண்ணீர் விட்டால் கையைப் பிடித்துக்கொண்டு விடாது. சுட்டால் ஓடு மாதிரி விறைத்துக்கொள்ளும். அதைத் தின்றவர்கள் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எழும்புவது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.

அப்போது தெற்கே, கடலோரத்துச் செம்மணல் காட்டில், பொன்னுக்கனி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் சுயம்பு பனையேறி. கல்யாணமான புதிதில் அவன் தன் கையாலேயே கடலைப் பார்த்து ஒரு வீடு கட்டினான். பனைமரச் சட்டம், சுண்ணாம்புச் சுவர், அடுப்படியில் ஒரு சாளரம். அந்த ஊரில் சாளரம் வைத்த அடுப்படி வேறு யாருக்கும் கிடையாது. பொன்னுக்கனிக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு ஐப்பசியில் கடல் கேட்காமல் உள்ளே வந்தது. ஆட்கள் மேட்டுக்கு ஓடித் தப்பிவிட்டார்கள், வீடு தப்பவில்லை. சுவர் கரைந்தது, சட்டம் மிதந்து போனது, காட்டிலேயே பெரிய பனையும் சாய்ந்தது. அதற்குப் பிறகு இருவரும் மணல்மேட்டில் ஓலைக்குடிசை ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும்.

பொன்னுக்கனிக்கு எந்நேரமும் பழைய வீட்டு நினைப்புதான். எந்தச் சுவரில் பல்லி சொல்லும், எந்த மூலையில் வெயில் முதலில் விழும் என்று மனசுக்குள் நடந்துகொண்டே இருப்பாள். வாய்விட்டுச் சொன்னால் கேட்க ஆள் வேண்டுமே! உலக்கையும் பானையும் தங்கள் பாட்டைப் பேசுமே தவிர, அடுத்தவர் சொல்வதைக் கேட்காது. சுயம்புவிடம் பேச்செடுத்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். கட்டினவனுக்கு அந்தப் பேச்சு ஆகவில்லை. அவளுக்கோ பேசாமல் தீரவில்லை.

ஒருநாள் அவள் பழைய கள்ளுக் கலயம் ஒன்றைக் கழுவ எடுத்தாள். அடியில் கொஞ்சம் கள் நுரைத்துக் கிடந்தது. கவிழ்க்கப் போனவளை உள்ளேயிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

"எக்கா, எங்கள ஊத்திராத!"

"யாரு அது?"

"நாங்கதான், நுரையாளுக. பெரிய பனையில குடியிருந்தோம். பனை சாஞ்சிட்டு. இனி எங்கன போவோம்?"

நுரையாட்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிசானவர்கள். தலைமுறை தலைமுறையாக அந்தப் பனையே அவர்களுக்கு ஊர்.

"நானே குனிஞ்சுதான் குடிசைக்குள்ள போறேன். உங்கள எங்கன வைக்க?" என்றாள் பொன்னுக்கனி. சொல்லிவிட்டாளே தவிர மனசு கேட்கவில்லை. வடக்கேயிருந்து வந்த வியாபாரி ஒருவன் கருப்பட்டிக்கு மாற்றாகக் கொடுத்த கோதுமை மாவு ஒரு பானையில் சும்மா கிடந்தது. அதைச் சட்டியில் கொட்டி, வெதுவெதுப்பான தண்ணீரும் துளி கருப்பட்டியும் கரைத்து ஊற்றி, நுரையாட்களை அதில் இறக்கிவிட்டாள்.

பக்கத்திலிருந்த உப்பு உடனே மூக்கை நுழைத்தது. "நானும் வருவேன்!"

நுரையாட்கள் அலறினார்கள். கடலின் மகளான உப்பைக் கண்டாலே அவர்களுக்கு மூச்சு முட்டும். "நீ கடைசியில வா, ஓரமா இரி" என்று பொன்னுக்கனி அதைச் சமாதானப்படுத்தினாள்.

"மாவு உதிரியா கெடக்கு எக்கா, நல்லா இழுத்து இழுத்துப் பிசை. செவுரு வலுவா இருக்கணும்லா? பெறவு ஈரத்துணி போட்டு மூடிரு. வீடு கெட்டுதப்ப யாராச்சும் பாத்துக்கிட்டு நின்னா எங்களுக்குக் கை ஓடாது" என்றார்கள் நுரையாட்கள்.

அவள் முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து நனைத்து மூடினாள். அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் சட்டியை வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் துணி குடை மாதிரி எழும்பி நிற்கிறது! துணியை விலக்கி மாவின் ஓரத்தை மெல்லப் பிரித்தாள். உள்ளே அறைக்குள் அறை, அறைக்கு அறை சாளரம். காதை வைத்தால் நுரையாட்கள் தங்கள் பனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளும் தன் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

அப்புறம் தினமும் அதே வேலை. அவர்கள் பனையைச் சொல்வார்கள், இவள் அடுப்படிச் சாளரத்தைச் சொல்வாள். கேட்க ஆள் கிடைத்ததில் அவளுக்கு அத்தனை ஆறுதல். சொல்லிச் சொல்லியே இழந்த வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. கடல் புகுந்த நிலத்தில் எதுவும் முளைக்கவில்லை. கருவாடு தீர்ந்தது, பனங்கிழங்கு தீர்ந்தது. ஒரு சாயங்காலம் சுயம்பு ஒரு கை நெத்திலியும் கொஞ்சம் முருங்கைக் கீரையும் கொண்டு வந்தான். குடிசைக் கம்பைப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"இருக்கத வச்சு ஏதாச்சும் செய்யி. விடிஞ்சதும் பனையேறணும்" என்றான். பிறகு சட்டியைப் பார்த்தான். "அந்த மாவு?"

"அது வேண்டாமே."

அவன் ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு அரிவாள் தீட்ட வெளியே போனான். தீட்டுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. கையில் வலு இல்லை. பட்டினியோடு பனையேறினவன் எப்படி இறங்குவான் என்று அந்தக் காட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொன்னுக்கனி சட்டிமுன் உட்கார்ந்தாள். "கேட்டியளா?"

"கேட்டோம் எக்கா."

"அவுக வெறும் வயித்தோட ஏறுனா..."

நுரையாட்கள் சொன்னார்கள்: "கடல் வந்தப்ப யாருட்டயும் கேக்கல. நீ கேக்குத. அதுவே போதும். ஒரு பிடிய மட்டும் எடுத்து மூடி வை, நாங்க பொழச்சுக்கிடுவோம். மிச்சத்த உன் கையாலயே இடிச்சு, உருட்டிச் சுடு. ஆனா ஒண்ணு எக்கா. எங்க பேச்சு பூராவும் அந்த அறைகளுக்குள்ள மூச்சாத்தான் கெடக்கு. இடிச்சா வெளிய போயிரும். வீட்டத் திரும்பக் கெட்டிருவோம். பேச்சு திரும்பாது."

"அப்ப நான் யாருட்டப் பேசுவேன்?" என்று கேட்டாள்.

அவள் ஒரு பிடி மாவைக் கிள்ளி எடுத்துத் தனியே மூடி வைத்தாள். கையை முஷ்டியாக மடக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு நடுமாவில் குத்தினாள். புஸ்ஸென்று நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. அவள் விம்மி விம்மி அழுதாள்.

உருட்டி மூடி வைத்த மாவு, அடுப்புக் கல் சூடாவதற்குள் மறுபடி எழும்பிவிட்டது. ஓடிப்போய் அதிலும் தனியே வைத்த பிடி மாவிலும் காதை வைத்தாள். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. மூக்கைச் சிந்திவிட்டு மாவை வட்டமாகத் தட்டிக் கல்லில் போட்டாள். மேலே நெத்திலியையும் கீரையையும் பரப்பினாள். ஒரு சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் நெருப்புக் கங்குகளை அள்ளிக் கொட்டினாள். ஓரமெல்லாம் உப்பிச் சிவந்து வந்தது.

சுயம்பு பிய்த்து வாயில் போட்டான். பல்லுக்குப் பயந்து மெதுவாகத்தான் மென்றான். மெத்தென்று இருந்தது. அடுத்த துண்டை வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தி, பிய்த்த இடத்தில் தெரிந்த துளைகளை அடுப்பு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"எளா, இங்கன பாரு. நம்ம அடுப்படிச் சாளரம் மாதிரி இல்ல?"

பொன்னுக்கனி அவன் பக்கம் நகர்ந்து அந்தத் துண்டைப் பார்த்தாள்.

"காலையில வெயிலு அதுவழியா வந்து உன் கழுத்துல விழும். நான் பனைக்குக் கெளம்பாம வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். உனக்குத் தெரியாது."

அத்தனை நாள் அந்த வீட்டை மூலை மூலையாக நினைத்துப் பார்த்தவளுக்கு, வெளியே நின்ற அவனை மட்டும் தெரிந்திருக்கவில்லை. அவள் இன்னொரு துண்டைப் பிய்த்து அவன் கையில் வைத்தாள். "பெறவு?" என்றாள். அவன் சொல்லிக்கொண்டே போனான்.

அன்று முதல்தான், உள்ளே பேச்சு எதுவும் இல்லாத மாவு, குத்தினால் ஒரு பெருமூச்சு மட்டும் விட்டுத் திரும்ப எழும்புகிறது. இன்றைக்கும் வீட்டில் பீட்சா என்று மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, எழும்பியதும் ஒரு குத்துக் குத்திச் சுட்டு நடுவில் வைத்தால், சுற்றி உட்கார்ந்தவர்களில் யாராவது ஒருவர் கடைசித் துண்டு தீர்வதற்குள், "நாம முன்னாடி இருந்த வீட்டுல..." என்று ஆரம்பித்துவிடுகிறார்.