நாற்பத்தொரு முறை நின்ற கார்

இந்தக் கதையில் ஒருத்தர் வயிறு குலுங்கச் சிரிக்கப் போகிறார். யார் என்று இப்போதே கேட்டால் சொல்ல மாட்டேன். பொறுங்கள்.

அந்தக் காலத்தில் காருக்கும் காக்கைக்கும் ஒரே பாஷைதான். ஓட்டுநர் இல்லாத முதல் கார் அப்போதுதான் ரோட்டுக்கு வந்திருந்தது. 'ஆளில்லான்' என்று எல்லோரும் அதற்குப் பேர் வைத்தார்கள். வழி பார்க்க ஆள் இல்லையே என்று அது பருந்திடம் கண் கேட்டது, மின்மினியிடம் ஒளி கேட்டது, வௌவாலிடம் குரல் கேட்டது. போகிற வழியெல்லாம் மெல்லிய 'க்றீ' ஒன்றை முன்னால் வீசும். எதிரே ஏதாவது இருந்தால் குரல் அதில் முட்டித் திரும்பும். சீக்கிரம் திரும்பினால் ஆள் பக்கத்தில், தாமதித்தால் தூரத்தில். ஒளியையும் அப்படியே வீசி, திரும்பி வரும் நேரத்தை எண்ணும். ஓரத்தில் ஓர் ஆடு நின்றால், அது அடுத்த காலை எங்கே வைக்கும் என்றுகூட முன்னாலேயே யோசித்துவிடும். இத்தனையும் ஓர் இமை மூடித் திறப்பதற்குள்!

சாலையோரப் புளியமரத்தில் கரிச்சான் இருந்தான். இரட்டைவால் கருங்குருவி. பூனை மாதிரிக் கத்திக் கோழியை ஓடவைப்பான், கோழி மாதிரிக் கத்திப் பூனையை வரவைப்பான். அவன் காதில் அந்த 'க்றீ' விழுந்தது. விட்டுவைப்பானா?

ஆளில்லான் வந்தது. ரோடு காலி. கரிச்சான் மரத்திலிருந்தே, "க்றீ!"

குரல் உடனே திரும்பிவிட்டது! கார் சடக்கென்று நின்றது. பின்சீட்டில் இருந்த எருமையக்கா முன்சீட்டில் வந்து விழுந்தாள்.

"ஏன்டா நின்ன? ரோட்டுல ஒரு கூழாங்கல்லுகூட இல்லையே!"

"ஏதோ இருக்குன்னு குரல் சொல்லுதுக்கா."

"உன் கண்ணு என்ன சொல்லுது?"

"இல்லைன்னுது. ஒளியும் இல்லைன்னுது."

"ரெண்டு பேர் இல்லைன்னா இல்லதானே? எடுடா வண்டிய!"

கார் ஒரு மூச்சு பொறுத்து, மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது. கரிச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டான். நாள் தவறாமல் இதே கூத்து. நாற்பது முறை. 'நூறு ஆகட்டும், மொத்தமாகச் சிரிக்கலாம்' என்று சேர்த்து வைத்தான்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை. மார்கழிப் பனி பாலாய் இறங்கியிருந்தது. கார் வரும் ஓசை கேட்டது. கரிச்சான் அலகைத் திறந்தான். அப்போதுதான் கீழே பார்த்தான். பறக்கப் பழகிக்கொண்டிருந்த அவன் குஞ்சு, நடு ரோட்டில் விழுந்து சிறகை விரித்துக் கிடந்தது.

ஊரில் உள்ள எல்லார் குரலும் தெரிந்தவனுக்கு அந்த நேரம் சொந்தக் குரல்கூட வரவில்லை. பனிக்குள் சக்கரங்கள் வந்தன... வந்தன...

நின்றன. குஞ்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்.

கரிச்சான் பாய்ந்து குஞ்சைச் சிறகால் மூடினான். அண்ணாந்து பார்த்தான். மலை மாதிரி நின்றிருந்தது ஆளில்லான். உள்ளே ஓட்ட யாருமே இல்லை.

"அண்ணே... நான் கத்தவே இல்லையே. எப்படி நின்னீங்க?"

"பனியில கண்ணு ஒண்ணுமில்லைன்னுச்சு. ஒளியும் சிதறிப்போச்சு. குரல் மட்டும் ஏதோ இருக்குன்னுச்சு தம்பி."

"அது நான்தான்னு நெனைச்சிருப்பீங்களே?"

"நெனைச்சேன். ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சு. இங்க மட்டும்தானே, இந்த மரத்தடியில மட்டும்தானே இப்படி?"

"தெரிஞ்சுமா நாற்பது நாளும் நின்னீங்க?"

"ஒருநாள் அது நீயா இல்லாம இருந்தா?"

அப்போதுதான் எருமையக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டி, வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். "அடேய் வாலு! நாற்பது நாளா யாரு யாரை ஏமாத்தினது?"

அன்று முதல்தான், ஆபத்து என்றால் கரிச்சான் முதலில் தன் சொந்தக் குரலில் ஊரையே எழுப்புகிறான், வேடிக்கைக் குரலெல்லாம் அப்புறம்தான். ஓட்டுநர் இல்லாத கார் காலி ரோட்டிலும் சில நேரம் சும்மா நிற்பதும் அன்று முதல்தான். பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்குத்தான் அது காலி ரோடு; காருக்கு அங்கே ஒரு குஞ்சு இருக்கலாம்.