கருமந்திகள் மொட்டையடித்த ஒதிய மரம்

ஒரு காட்டில், ஊர்க்காற்று ஏறி வருகிற சரிவில், ஒதிய மரம் ஒன்றும் நாவல் மரம் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

ஊர்க்காற்று என்றால் என்ன தெரியுமா, பிள்ளைகளே? மலைக்குக் கீழே ஓர் ஊர் இருந்தது. ஊரில் செங்கல் சூளைகள் இருந்தன, லாரிகள் இருந்தன, ஓயாத புகை இருந்தது. அந்தப் புகையைச் சுமந்துகொண்டு காற்று தினமும் மலையேறி வரும். அதில் கரியமில வாயு நிறைய இருக்கும். நமக்கு அது வேண்டாத வாயு. மரங்களுக்கோ அதுதான் சோறு. இலைகளின் அடியில், கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்ன வாய்களால் அதை வாங்கி, வெயிலில் சமைத்து உண்ணும். வருஷத்துக்கு வருஷம் புகை கூடியது. சோறும் கூடியது.

ஆனால் அதே காற்றில் இன்னொன்றும் வந்தது. வண்டிப் புகையின் மேல் மதிய வெயில் பட்டால் ஓசோன் என்று ஒரு வாயு பிறக்கும். அது வானத்து உச்சியில் இருந்தால் நமக்குக் குடை. இலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நெருப்பு. சோறு நுழைகிற அதே வாய் வழியாகத்தான் அதுவும் நுழையும்.

நாவல் மரம் பயந்த சுபாவம். காலையில் நாலு வாய் தின்னும். வெயில் ஏறியதும் வாயை இறுக மூடிக்கொள்ளும்.

"என்ன நாவலு, பந்தி இப்பத்தானே களை கட்டுது? அதுக்குள்ள எழுந்துட்டியே!" என்று ஒதியன் கேலி செய்யும்.

"மதியச் சோறு எனக்கு ஒத்துக்கிறதில்ல. நெஞ்செரியுது."

"நோஞ்சான்! அதனாலதான் நட்ட இடத்துலயே நட்ட உயரத்துல நிக்கிற."

ஒதியன் வாயை மூடியதே இல்லை. சில மழைக்காலங்களுக்குள் அது நாவலைத் தாண்டியது. சுற்றியிருந்த மரங்களையெல்லாம் தாண்டியது. தலையை மட்டும் தனியாக வானத்தில் நீட்டிக்கொண்டு நின்றது.

மதியம் உள்ளே போன நெருப்பு சாயங்காலம் வேலையைக் காட்டும். மிளகுப் பொடியைத் தூவியதுபோல இலைகளின் மேல் பழுப்புப் புள்ளிகள் விழும். புள்ளி விழுந்த இலை உதிரும். உதிர்ந்த இடத்தில் ஒதியன் அவசர அவசரமாகப் புது இலை விடும். தின்ற சோறெல்லாம் இலைக்கும் உயரத்துக்குமே சரியாகப் போய்விடும்.

வேர்கள் கீழேயிருந்து கேட்கும்: "எங்களுக்கு?"

"நாளைக்கு," என்று ஒதியன் சொல்லும். "மேலே கொஞ்சம் வேலை இருக்கு."

கோடை முடிகிற சமயம், மலையணில் ஜோடி ஒன்று வீடு தேடி அந்தச் சரிவுக்கு வந்தது. மனைவி பெயர் செவலை. எதையும் யோசித்துச் செய்பவள். கணவன் பெயர் வாலாட்டி, செய்துவிட்டு யோசிப்பவன். செவலைக்கு அப்போது நிறைமாதம்.

"நாவல்ல கட்டலாங்க. கிளை நல்ல தடிமனா இருக்கு," என்றாள் அவள்.

"நாவலா? நம்ம பிள்ளைங்க இந்தக் காட்டிலேயே உசந்த வீட்டுல பொறக்கணும்!" என்று வாலாட்டி அதற்குள் ஒதியன் மேல் பாதி தூரம் ஏறிவிட்டான். "அண்ணே, இடம் இருக்கா?"

ஒதியனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த உயரத்தில் அதனோடு பேச வெகுநாளாக யாருமே இல்லை.

"வாங்க மாப்பிள்ளை! வா தங்கச்சி! உச்சிக்கிளை உங்களுக்குத்தான். தினமும் ரெண்டு வார்த்தை பேசினா போதும், வேற ஒண்ணும் வேண்டாம்."

குச்சியும் இலையும் சேர்த்துப் பந்துபோலக் கூடு கட்டினார்கள். இரண்டு குட்டிகள் பிறந்தன. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், கண்கூடத் திறக்கவில்லை. ஒதியனுக்குக் கொள்ளை ஆசை. கிளையை மெல்ல ஆட்டி ஆட்டிக் குட்டிகளைத் தூங்கவைக்கும். "என் மருமக்கள் தூங்குறாங்க, சத்தம் போடாதே," என்று மரங்கொத்தியைக்கூட விரட்டும்.

ஒருநாள் மதியம் செவலை சொன்னாள்: "போதும் அண்ணே, பிள்ளைங்க தூங்கியாச்சு. ஆட்டாதே."

"நான் ஆட்டலையே தங்கச்சி."

செவலையின் வால் சிலிர்த்தது. காற்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாவலில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் ஒதியன் அடியிலிருந்து நுனிவரை ஆடிக்கொண்டிருந்தது. அவள் கிடுகிடுவென்று அடிமரத்துக்கு இறங்கிக் காதை வைத்துக் கேட்டாள். உள்ளேயிருந்து மெலிந்த குரல்கள் வந்தன.

"எங்களுக்கு ஒரு வாய் கொடேன். மண்ணைப் பிடிக்கத் தெம்பில்ல."

செவலை மூச்சிரைக்க மேலே ஓடிவந்தாள்.

"அண்ணே, உன் வேர் மேல்மண்ணோடயே நின்னுபோச்சு! ஆடிக்காத்து வரப்போகுது. நீ இப்படி ஒரு பந்தல் இலையை வச்சுக்கிட்டு நின்னா, காத்து உன்னைக் குடை மாதிரி தூக்கிரும். பாதி இலையையாவது உதிர்த்துடு."

"இலையை உதிர்க்கிறதா?" ஒதியன் முகம் சுருங்கியது. "ஒவ்வொண்ணும் நான் நெஞ்செரிச்சலைத் தாங்கித் தாங்கி விட்டது. மொட்டையா நின்னா அந்த நாவல் என்னைப் பாத்து என்ன சொல்லும்?"

"நான் ஒண்ணும் சொல்லல," என்றது நாவல் கீழேயிருந்து.

"பாத்தியா, இப்பவே ஆரம்பிச்சுட்டான்."

எவ்வளவு சொல்லியும் ஒதியன் கேட்கவில்லை. மேற்கே மலை முகட்டில் மேகம் கறுத்துத் திரண்டது.

"பிள்ளைங்களை வாயில கவ்விக்கிட்டு நாவலுக்குத் தாவிடலாம்," என்றான் வாலாட்டி.

"எங்கே தாவுறது? நீங்க தேடிப் பிடிச்ச உசந்த வீடு எந்த மரத்தையும் தொடாம நிக்குது. வெறுவாயோட தாவினாலே பாதி உயிர் போகுது. கீழே இறங்கி நடந்தா காட்டுப்பூனை."

வாலாட்டி தலையைக் குனிந்துகொண்டான். "சரி, நாமளே இலையைக் கடிச்சுப் போடுவோம்."

அன்றும் மறுநாளும் இருவரும் பல் கூசக் கூசக் கடித்தார்கள். இந்தப் பக்கம் கடித்துப் போட்டால் அந்தப் பக்கம் ஒதியன் துளிர் விட்டது. இரண்டு வாயால் ஆகிற காரியமா அது?

செவலை எதிர்ச்சரிவைப் பார்த்தாள். அங்கே கருமந்திக் கூட்டம் ஒன்று இலை தின்றுகொண்டிருந்தது. அதன் தலைவன் தாடையன். தின்பது ஒன்றைத் தவிர அவனுக்கு வேறு சிந்தனை கிடையாது.

"அவங்களையா?" என்று பதறினான் வாலாட்டி. "கூட்டையே பிய்ச்சுருவாங்க! அதோட, கூப்பிட்டா வருவாங்களா?"

"கூப்பிட்டா வரமாட்டாங்க. வராதேன்னு சொன்னா வருவாங்க," என்ற செவலை, கிளை நுனிக்குப் போய் உரக்கக் கத்தினாள்: "ஏங்க! அந்தத் தாடையன் கூட்டம் இங்கே வந்துருமோன்னு பயப்படாதீங்க! அவங்களுக்கு எலி வயிறு! இந்த மரத்துல ஒரு கிளையைத் தின்னாலே ஏப்பம் விட்டுப் படுத்துருவாங்க!"

எதிர்ச்சரிவில் மெல்லும் சத்தம் நின்றது.

"யாரடி அது? யாருக்கு எலி வயிறு?"

"ஐயோ, மாமா! காதுல விழுந்துருச்சா? தப்பா எடுத்துக்காதீங்க. வயசாச்சுன்னா எல்லாருக்கும் பசி குறையறதுதானே."

அவ்வளவுதான். மறு நிமிஷம் தாடையன் கூட்டத்தோடு ஒதியனின் அடிக்கிளையில் நின்றான். வாயில் இருந்த பழைய இலையை இன்னும் விழுங்கக்கூட இல்லை.

"பந்தயம்!" என்றான். "பொழுது சாயறதுக்குள்ள இந்த மரத்தை மொட்டையடிக்கிறேன்."

"செஞ்சுட்டா, இனிமே உங்களைப் பாத்து நான் கத்தவே மாட்டேன் மாமா. முடியலைன்னா, நாவல் பழுக்கும்போது நீங்க யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது. இன்னொண்ணு. என் கூடு இருக்கிற கிளையில ஒரு விரல் பட்டாலும் நீங்க தோத்ததா அர்த்தம்."

"உன் கூடு யாருக்கு வேணும்? குச்சியையா தின்பேன்?"

கூட்டம் முழுக்கப் பாய்ந்து ஏறியது. ஊர்க்காற்றைத் தின்று அவசரத்தில் வளர்ந்த இலை அது. பார்க்கப் பெரிது, உள்ளே சத்தில்லை. கருமந்திகள் தின்றன, தின்றன, தின்றுகொண்டே இருந்தன.

"தலைவரே, வயிறு பானை மாதிரி ஆயிருச்சு. ஆனா பசி போகலையே!" என்றது ஒரு குட்டிமந்தி.

"எனக்கும் அதே கதைதான். பேசாம தின்னு!"

ஒதியன் அலறியது. "விடுங்கடா! பாவிகளா! தங்கச்சி, நீயா இவங்களை ஏவி விட்டே? வீடு குடுத்தேனே! உன் பிள்ளைங்களைத் தூங்க வச்சேனே!"

"அதனாலதான் அண்ணே," என்றாள் செவலை. அவளுக்கும் கண் கலங்கியது.

பொழுது சாய்ந்தபோது, கூடு இருந்த கிளையைத் தவிர ஒதியனில் ஓர் இலை இல்லை. தாடையன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "ஜெயிச்சாச்சு! எங்கேயாவது கொஞ்சம் நல்ல இலை கிடைக்குமாடா?" என்று கேட்டபடி தள்ளாடித் தள்ளாடிப் போனான். நாவல் ஒதியனைத் திரும்பிப் பார்த்து வெட்கப்பட வைக்கவில்லை.

விடியற்காலையில் ஆடிக்காற்று வந்தது.

வந்த வேகத்தில் சரிவின் அடியில் இலை செழித்த இளமரம் ஒன்று படாரென்று சாய்ந்தது. காற்று அடுத்து ஒதியனைப் பிடித்தது. பிடித்துத் தூக்க அதற்கு இலை கிடைக்கவில்லை. மொட்டைக் கிளைகளின் இடுக்கில் விசிலடித்துக்கொண்டு போனது. செவலையும் வாலாட்டியும் கூட்டின் வாசலை உடம்பால் அடைத்துப் படுத்துக்கொண்டார்கள். காற்று திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஒரு பெரிய வீச்சில், மேற்குப் பக்கத்து மண் வெடித்து, ஒதியன் மெதுவாகச் சாயத் தொடங்கியது.

"பிள்ளைங்க! ஐயோ, பிள்ளைங்க!" என்று கத்தியது ஒதியன்.

"என் பக்கம் சாய்ஞ்சுக்கோ," என்றது நாவல்.

"உன் கிளை ஒடிஞ்சிரும்டா!"

"மெதுவா வளர்ந்த கிளை. ஒடியாது. சாய்ஞ்சுக்கோ."

ஒதியன் சாய்ந்தது. நாவலின் கவையில் அதன் தோள் வந்து தங்கியது. நாவல் உடம்பு முழுக்க அதிர்ந்து ஒருமுறை முனகியது; ஆனால் தாங்கிவிட்டது. இலைப் பாரம் இருந்திருந்தால் நாவலாலும் தாங்க முடிந்திருக்காது. இரண்டும் சேர்ந்தே விழுந்திருக்கும். மொட்டை மரமோ இலேசாக இருந்தது.

செவலை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு, சாய்ந்த மரத்தின் வழியாகவே நாவலுக்கு ஓடினாள். பின்னாலேயே வாலாட்டி மற்றொன்றைக் கவ்விக்கொண்டு வந்தான். நாவலின் பொந்தில் குட்டிகளைக் கிடத்தி நக்கிப் பார்த்தாள். இரண்டும் பசியில் கீச்கீச்சென்று கத்தின. அதைவிட நல்ல சத்தம் அன்றைக்கு அந்தக் காட்டில் வேறு இல்லை.

காற்று ஓய்ந்து மழை பிடித்தது. செவலை நனைந்துகொண்டே ஒதியனின் வெறுங்கிளையில் வந்து உட்கார்ந்தாள்.

"பிள்ளைங்க?" என்று கேட்டது ஒதியன்.

"பால் குடிச்சுட்டுத் தூங்குதுங்க."

ஒதியன் தன் மொட்டைக் கிளைகளை ஒருமுறை பார்த்தது.

"இனிமே யார் தங்கச்சி என் மேல கூடு கட்டப்போறா?"

"நான்தான். அடுத்த பிரசவத்துக்கு வரேன். அதுக்குள்ள நீ கொஞ்சம் வளரணும்."

"இன்னும் உசரமாவா?"

"இல்லண்ணே, கீழே. யாரும் பாக்காத பக்கம்."

நீதி: கிடைத்ததில் முதல் பங்கை வேருக்குக் கொடுத்த பிறகே உயரத்தை நினைக்க வேண்டும்.